சீகூர்த் தடங்கள்

நீலகிரியின் வடக்கு முகம் செங்குத்தாக இறங்கி முடியும் இடத்தில் சீகூர்ப் பீடபூமி தொடங்குகிறது. தெற்கே மலைச்சுவர். வடக்கே மாயாறு அறுத்துப் போட்ட பள்ளம். நடுவில் கிடக்கும் நிலத்தில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், செம்மநத்தம் எல்லாம் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் யானைகளுக்கும் இதே நிலம்தான் வழி. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அத்தனை செங்குத்தில் ஏறவும் முடியாது, அத்தனை ஆழத்தில் இறங்கவும் முடியாது. நாங்கள் சைக்கிள் ஓட்டிப் பழகிய தடங்களில் பெரும்பாலானவை யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்டவை. அந்தத் தடத்தில் பிறகு மாடு நடந்தது, மாட்டின் பின்னால் ஆள் நடந்தார், கடைசியாக நாங்கள் வந்தோம்.

அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. பைக்காரா தண்ணீரை மலை மேலிருந்து குழாயில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். அங்கே வேலை முடித்த தண்ணீர் கால்வாய் வழியாக மரவகண்டி அணைக்கு வந்து, அங்கிருந்து மாயார் மின்நிலையத்துக்குப் போகும். அந்த நிலையம் வந்தது 1952இல். கால்வாயை ஒட்டிய மண்பாதைதான் எங்கள் முதல் தடம். ஒரு பக்கம் சுழித்தோடும் தண்ணீர், மறுபக்கம் காடு. பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அதில் ஓட்டுவோம். கால்வாயைத் தாண்ட முடியாத யானைகள் அதன் ஓரமாகவே நடந்து வாகான இடம் தேடும். காலையில் அந்த மண்ணில் பதிந்திருக்கும் கால்தடங்களைப் பார்த்தே இரவு எத்தனை பேர் வந்தார்கள், குட்டி உண்டா, எந்தப் பக்கம் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஊருக்கும் காட்டுக்கும் நடுவே மாட்டுத் தடங்கள் வலையாகப் பின்னிக் கிடந்தன. மசினகுடிப் பக்கம் மாடு வளர்த்தது பாலைவிடச் சாணத்துக்காகத்தான். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுவதால் அது வறண்ட பூமி. வானம் பார்த்த விவசாயத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நூற்றுக்கணக்கான மாடுகள் காலையில் காட்டுக்குள் மேய்ந்து மாலையில் பட்டிக்குத் திரும்பும். பட்டியில் சேரும் சாணத்தை ஏற்றிப்போகக் கேரளத்திலிருந்து லாரி வரும். காபித் தோட்டங்களுக்கு எரு. சாயங்காலம் மாடுகள் திரும்பும் நேரத்தில் அந்தத் தடத்தில் மாட்டிக்கொண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, உண்ணிச்செடிப் புதரோடு ஒட்டி நிற்க வேண்டியதுதான். புழுதி, மணிச்சத்தம், மாட்டின் உடல் சூடு. அந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது காற்றில் வந்தால் எனக்கு மசினகுடிதான்.

தொண்ணூறுகளில் எங்களிடம் இருந்தவை கனத்த, கியர் இல்லாத சைக்கிள்கள். முன்பக்கம் சஸ்பென்ஷன் வைத்த கியர் சைக்கிள் என் கைக்கு வந்தது வேலைக்குப் போன பிறகு. 2008இல் டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணம் தொடங்கியபோது, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர்க்காரர்கள் மூச்சிரைக்க ஏறியதை ஊரே நின்று பார்த்தது. எனக்கு அந்தத் தார்ச்சாலை மேல் அவ்வளவு ஆசை வந்ததில்லை. மாவனல்லாவில் சீகூர் ஆற்றங்கரை, வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் வரப்பை ஒட்டி ஓடும் வண்டித்தடம், மழைக்குப் பிறகு இறுகிக் கிடக்கும் செம்மண், வேலமுள் எந்த வளைவில் கொட்டிக் கிடக்கும் என்று டயருக்கே தெரிந்த வழி, அதுதான் என் உலகம்.

காட்டோரத்தில் சைக்கிளுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அது சத்தம் போடாது. ஜீப் வருவது யானைக்கு வெகு தூரத்திலேயே தெரியும்; சைக்கிள் திடீரென்று பக்கத்தில் போய் நின்றுவிடும். இருளர் பெரியவர் ஒருவர், ஆடு மேய்ப்பவர், சிறுவயதில் எனக்குச் சொன்னது இது: “வளைவு வந்தா ஓட்டாதே தம்பி, உருட்டிக்கிட்டுப் போ. மூக்கை முன்னாடி விடு.” வளைவுக்கு முன் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் டிக் டிக்கென்று சொடுக்கும், அந்தச் சத்தமே முன்னால் இருப்பவருக்கு அறிவிப்பு. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, புதிதாக ஒடித்த கிளையில் சாறு காய்ந்திருக்கிறதா, லத்தியில் ஆவி பறக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போவோம். லத்தியில் ராகி கிடந்தால் யாரோ ஒருவரின் வயல் அந்த இரவில் போயிற்று என்று அர்த்தம். பரண் மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த ஆள் காலையில் அந்த வயலில் நிற்பார். அவர் யானையைத் திட்டி நான் அதிகம் கேட்டதில்லை. சாமி வந்துட்டுப் போயிருச்சு என்பார். அந்தப் பொறுமையை வைத்துத்தான் இவ்வளவு காலம் அந்த நிலம் எல்லாருக்கும் நிலமாக இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாவற்றையும்விட என் மனம் திரும்பத் திரும்பப் போவது சிறியூர்ப் பக்கம். ஓடைக் கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும். பாறு ஒன்று கிளையிலிருந்து எழும்பும் சத்தம் கீழே நிற்பவனுக்குக் கேட்கும். அவ்வளவு கனமான இறக்கை. கருங்கழுத்துப் பாறும், செம்முகப் பாறும், மஞ்சள்முகப் பாறும் அந்த வானத்தில் உண்டு. நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாக மடிந்த காலத்தில் இங்கே கொஞ்சம் தப்பின. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக்குள் போனால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. அருளகம் அமைப்பினர் மருந்துக்கடைகளிலும் மாட்டுப்பட்டிகளிலும் ஏறி இறங்கி இதைச் சொன்னார்கள். இன்னொரு கண்ணியும் உண்டு. புலி அடித்த மாட்டில் ஆத்திரத்தில் ஒருவர் விஷம் வைத்தால், புலிக்கு முன்னால் பாறுகள் போய்விடும். ஒரு பட்டிக்காரருக்கு நஷ்ட ஈடு காலத்தில் கிடைப்பதும், மருதமரத்து உச்சியில் ஒரு குஞ்சு பிழைப்பதும் ஒரே விஷயம்தான். சட்டம் போடுகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு விடுதிகள் வந்தன. தனியார் நிலங்களைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, இரவில் பாட்டுச் சத்தமும் விளக்கும் வந்தன, நான் ஓட்டிய வண்டித்தடங்கள் சில வேலிக்குள் போய் முடிந்தன. யானைகளும் அதே வேலிகளில் போய் முட்டி நின்றன. 2010இல் அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மூன்று மாதம் கடந்த நிலையில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு யானையின் மேல் எரியும் டயரை வீசியிருந்த செய்தி வெளியே வந்தது. காதோடு தீப்பிடித்து அது ஓடுகிற காட்சியை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே முதுகில் காயத்தோடு அலைந்த யானை. சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. அதே வருஷம்தான், தும்பிக்கை நுனி இழந்து வாழைத்தோட்டத்து வீடுகளின் பக்கம் சாதுவாகத் திரிந்த ரிவால்டோ என்ற யானையை மே மாதம் கூண்டில் அடைத்து, ஆகஸ்டில் மறுபடி காட்டில் விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும்.

இப்போது முதுமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் காட்டுத் தடத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. சாகசப் பயணம் என்று சொல்லி வருகிற நண்பர்கள் கோபப்படுகிறார்கள். எனக்குத் துளியும் கோபமில்லை. அந்தத் தடங்கள் மூடப்பட்டது சரி. ஆனால் மேய்ச்சலுக்குப் போன பட்டிக்காரரையும், தேன் எடுக்கப் போன குறும்பரையும், சைக்கிளில் உல்லாசத்துக்கு வந்த என்னையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. நான் வராவிட்டால் எனக்கு நஷ்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அது வாழ்க்கை.

ஊருக்குப் போனால் இன்னும் சைக்கிளை எடுக்கிறேன், மசினகுடியிலிருந்து மாவனல்லா வரை தார்ச்சாலையில், வெயில் ஏறிய பிறகு. சிறியூருக்கு மட்டும் பஸ். காட்டுக்குள் புகுந்து போகும் அந்த அரசுப் பேருந்தில் ரேஷன் மூட்டையோடு ஏறுகிறவர்களிடம், இந்த வருஷம் எந்த மருதில் கூடு இருக்கிறது என்று கேட்பேன். அவர்களுக்குத் தெரியும். மரத்தை அடையாளம் சொல்லி, ஜன்னலோரம் நகர்ந்து இடமும் கொடுப்பார்கள்.