மணற்காட்டு மணல்

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கென்றால் எனக்கு மணல்தான். பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரம் தாண்டிப் போகப் போக வீடுகள் குறையும், பனைகளின் அடி மணலுக்குள் புதைந்து நிற்கும். குடத்தனைப் பக்கம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும். பிறகு உருட்டவும் ஏலாது. தெரிந்த வீட்டு வேலியில் சாத்திவிட்டு நடப்போம். ஒரு மேடு ஏறினால் இன்னொரு மேடு. கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், கடல் மட்டும் கண்ணில் படாது. கடைசி முகட்டில் ஏறி நின்றால்தான் மணற்காட்டுக் கடற்கரை முழுவதும் ஒரேயடியாகத் தெரியும். ஆளில்லாத கரை. தூரத்தில் ஒரு மீன்வாடி, இழுத்து ஏற்றிய ஒரு வள்ளம், அவ்வளவுதான்.

அந்த மேடுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாடைக்காற்றில் கரை மணல் உள்ளே ஏறும். சோழகம் அடிக்கும்போது முகடு புகையும், கண் திறக்கமுடியாது. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான். இராவணன் மீசையின் முள்ளுருண்டை காய்ந்து கழன்று, காற்றோடு மணலில் துள்ளித் துள்ளி ஓடும். அதைத் துரத்தி ஓடாத பிள்ளை அந்தப் பக்கத்தில் இருந்திருக்காது. எட்டிப் பிடித்தால் உள்ளங்கையில் குத்தும், விட்டால் மறுபடி ஓடிவிடும். அது ஓடிய இடமெல்லாம் மணலில் புள்ளி புள்ளியாகத் தடம் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் நண்டு போன தடம். ஒரு காற்று அடித்தால் இரண்டும் இருக்காது.

மணல் ஒரு கோயிலையே விழுங்கிய ஊர் அது. பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்கு நடுவே நிற்கின்றன. சனங்கள் வேறிடத்தில் புதுக்கோயில் கட்டிக்கொண்டார்கள், மணலோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை. வல்லிபுரத்தில் 1936-ல் வெளிப்பட்ட பொன்னேட்டையும் இந்தக் கரை நூற்றாண்டுக் கணக்காக வைத்திருந்துதான் கொடுத்தது.

எனக்கு இன்றும் நாவில் நிற்பது அந்த மணல் தந்த தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை மணல்மேடு குடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. அதனால் கீழே ஊறிக்கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே அது தனியாக மிதந்து நிற்கும். இதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்றைக்கு மாமி சொன்னதுதான் பாடம்: "உதில தோண்டாத தம்பி, கொஞ்சம் மேல வா. கன ஆழம் போகாத, உப்பு வந்திடும்." கையால் பறிப்போம். மேல் மணல் சுடும், ஒரு முழத்துக்குக் கீழே குளிரும். ஓரம் சரிந்து சரிந்து விழும். பிறகு அடியில் மெல்லக் கலங்கலாக ஊறும். முதல் சிரட்டையை வெளியே ஊற்றிவிட்டு, தெளியவிட்டு, அடுத்ததைக் குடிப்போம். கூப்பிடு தூரத்தில் அலை அடித்துக்கொண்டிருக்கும், சிரட்டையில் இருப்பதோ இளநீர் மாதிரி இனிக்கும்.

இப்போது நான் இருக்கும் ஒன்ராறியோவிலும் மணல்மேடு உண்டு. கோடையில் ரொறன்ரோத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சான்ட்பாங்ஸுக்குப் போவோம். ஏரிக்கரையில் வெள்ளை மணல், குன்று குன்றாக. நல்ல இடம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் காற்றில் உப்பு இல்லை, கருவாட்டு மணம் இல்லை, மணலில் படுத்தால் பனையோலை சரசரப்பது கேட்காது. அந்த மேடுகளில் ஏறும்போதுதான் மணற்காடு அதிகம் வலிக்கிறது.

சான்ட்பாங்ஸில் ஒருகாலத்தில் சிமெந்துக் கம்பனி ஒன்றுக்கு மணல் அள்ள அரசு குத்தகை கொடுத்திருந்தது. 1972-ல் ஒருவர் மாகாண அரசுக்கு எதிராக வழக்கே போட்டார். வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் எதிர்ப்பு அடங்கவில்லை, பின்னர் அள்ளுவது நின்றது. இன்று நாங்கள் சோற்றுப் பெட்டியோடு போய் இருக்கும் மேடுகள் அப்படித் தப்பியவை.

மணற்காட்டுக்கும் அதே பக்கத்து அம்பனுக்கும் நாகர்கோவிலுக்கும் அது வாய்க்கவில்லை. போர் முடிந்த 2009-க்குப் பிறகு ஊரெல்லாம் வீடு எழும்பியது. ஆற்று மணல் இல்லாத குடாநாட்டில் எல்லாரும் கைவைத்தது இந்த மேடுகளில். இடிந்த வீட்டைத் திருப்பிக் கட்டியவர்களுக்கும் மணல் வேண்டும், வெளிநாட்டுக் காசில் மாடி எழுப்பியவர்களுக்கும் மணல் வேண்டும். கோயிலை மூடிய மணல் அந்த ஊரில்தான் கிடக்கிறது. டிப்பரில் ஏறிய மணல் திரும்பாது. மணலோடு அந்த மழைத் தண்ணீரின் இருப்பிடமும் போகிறது. 2004 மார்கழியில் கடல் ஏறி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டுபோன கரை அது. அங்கே மேட்டை வெட்டித் தாழ்த்த எப்படி மனம் வருகிறது?

"இப்பவும் மண் ஏத்திறாங்களோ மாமி?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஏத்தாம? பகலில இல்லை, இரவிலதான். சத்தம் கேக்கும். விடிய எழும்பிப் பாத்தா மேடு ஒரு பக்கம் குழியாக் கிடக்கும்."

அடுத்த புரட்டாதிக்குப் போகவேண்டும். வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குச் சனத்தோடு சனமாக மணல் தாண்டி நடந்து, பிறகு கரையோடு மணற்காடு வரை போகவேண்டும். மழைக்கு முந்திய காலம் என்பதால் ஊற்று கீழேதான் இருக்கும், கொஞ்சம் கூடப் பறிக்கவேண்டி வரும் என்று மாமி சொன்னா. சிரட்டை எடுத்து வைப்பதாகவும் சொன்னா.