கடைசி முழம்

2008 மாடல், ஒரே ஓனர், நாற்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விலை 1,50,000 ரூபாய். அம்மாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவதைப் பார்க்கச் சகிக்காமல் கார் தேடிக்கொண்டிருந்த எனக்கு, 2016 ஏப்ரலில் கிடைத்தது அது.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு நீங்கியிருந்தது. என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போயின. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும்; அதன்படி டயர்கள் புதியவை. சீட் உறை, தரைக் கார்ப்பெட்கூடப் புதிது. எட்டு வருட வண்டிக்குக் கார்ப்பெட்டை எதற்கு மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், "வாங்குறதுக்கு முன்னாடி ஒருதடவை பட்டறைக்குக் கொண்டாங்க தம்பி, மேல தூக்கிப் பார்த்துரலாம்" என்றார். விற்றவரோ சாயங்காலம் வேறொரு பார்ட்டி வருவதாகச் சொன்னார். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு கண்ணாடி பாதியில் நின்றது, டேஷ்போர்டில் விளக்குகள் காரணமில்லாமல் எரிந்தன. ஒருநாள் காலை, அம்மா பின்சீட்டில் இருக்க, கத்திப்பாரா தாண்டியதும் வண்டி அப்படியே அணைந்துபோனது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் காத்திருந்தார்கள். நான்கு மணி நேரம் நடக்க வேண்டிய டயாலிசிஸை அன்று மூன்றோடு முடித்தார்கள். மறுநாள் அம்மாவின் கால் வீங்கியிருந்தது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பட்டறையில் அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ள இழுக்கும் அளவோடு நிற்காமல், இனி வராது என்னும் இடம்வரை இழுத்தார். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசி முழத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. கோட்டைத் தாண்டித் துணி மொரமொரவென்றிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். மண் உதிர்ந்தது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டிசம்பர் தண்ணி, தம்பி."

2015 சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி. என்ஜினைக் கழுவிக் காயவைத்தால் ஓடும். வயரிங் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் செம்பைத் தின்னும். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். போல்ட்டெல்லாம் துரு.

ஒரு புரோக்கர், வெளியூர் பார்ட்டியிடம் தள்ளிவிடலாம் என்றார். அன்று இரவு அதையும் யோசித்தேன். அங்கேயும் யாராவது ஒருவர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போவார். புதுப்பேட்டையில் உதிரிபாகத்துக்கு எடுப்பவரிடம் உள்ளதைச் சொல்லியே கொடுத்தேன். 25,000 ரூபாய் வந்தது.

அடுத்து வாங்கியதும் பழைய கார்தான், 2006 மாடல். முந்தையதைவிட இரண்டு வயது மூப்பு, லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, சீட்டெல்லாம் வெளுத்திருந்தது. பட்டறையில் தூக்கிப் பார்த்து, எல்லா சர்வீஸ் பில்லையும் அண்ணன் படித்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தேன். 2021இல் பதினைந்து வருடம் முடிந்தபோது அதன் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தந்தார்கள்.