ஈர நிலத்து விளார்கள்

ஸ்டோக் செயின்ட் கிரிகரிக்கு நான் போனது டிசம்பரில். தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டில், டோன், பாரெட் ஆறுகள் பாயும் தாழ்நிலத்தின் ஓரமாக, சற்றே மேட்டில் இருக்கிற சிற்றூர். ஊரிலிருந்து கீழே இறங்கினால் எங்கும் சதுப்பு, எங்கும் வாய்க்கால். வாய்க்காலை இங்கே 'ரீன்' என்கிறார்கள்.

இந்த ஈரத்தில்தான் கூடை முடைய உதவும் வில்லோ செழிக்கிறது. வயலில் ஆளுயரத்துக்கு மேல் செம்பழுப்பு விளார்கள் நெருங்கி நின்றன. இலை உதிர்ந்தபின் தரையொட்டி அறுப்பார்கள். வசந்தத்தில் அதே அடிக்கட்டை துளிர்த்து, ஒரே பருவத்தில் எட்டடி வரை வளர்ந்துவிடும். "ஒருமுறை நட்டால் இருபத்தைந்து முப்பது வருஷம் அறுக்கலாம். களையை மட்டும் விட்டுவிடக் கூடாது" என்றார் வயல்காரர். 'பிளாக் மால்' என்ற ரகம் இந்தப் பகுதியின் செல்லப்பிள்ளை.

கொட்டகையில் நீளமான தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கட்டுக் கட்டாக விளார்களைப் பட்டையோடு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். பட்டையின் துவர்ச்சாறு உள்கட்டைக்குள் இறங்குகிறது. பிறகு உரித்தால் தேன் நிறம். வேகவைக்காமல் பட்டையோடு உலர்த்தினால் பழுப்பு. வெட்டிய கட்டுகளைத் தண்ணீரில் நிறுத்தி, துளிர்விடும் வேளையில் உரித்தால் வெள்ளை. சாயம் என்று எதையும் தொடுவதில்லை. இப்போது உரிக்க இயந்திரம் இருக்கிறது. முன்பு இரும்புக் கவட்டையில் ஒவ்வொரு விளாராக இழுத்து உரித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கைகள் பட்ட பாட்டை நினைத்தபடியே அடுத்த அறைக்குப் போனேன்.

அங்கே கூடை முடைபவர் தாழ்வாக அமர்ந்து, மடியில் சாய்வுப் பலகை வைத்திருந்தார். ஊறவைத்த விளார்கள் ஈரத்துணிக்குள் பதமாகிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வளைத்தார், ஒதுக்கினார். இன்னொன்று. பதம் தவறினால் முறியும் என்பதால் இந்தத் தேர்வுக்கே நேரம் போகிறது. அடிப்பகுதியைப் பின்னி, ஊசியால் இடம் திறந்து, நெட்டாக நிற்கும் விளார்களைச் செருகி மேலே வளைத்தார். ஒரு விளார் தீர்ந்து அடுத்தது சேரும்போது, தடித்த முனையோடு தடித்த முனை, நுனியோடு நுனி. மாறிப்போனால் சுவர் ஒருபக்கம் கனத்துவிடும். சில வரிசைக்கு ஒருமுறை இரும்புக் கட்டையால் தட்டி இறுக்கினார்.

இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து பொருள்களை இறக்கும் பெட்டிகளைக்கூட இப்படி வில்லோ விளார்களாலேயே பின்னினார்கள். பின்னர் பிளாஸ்டிக் வந்தது. வில்லோ வயல்கள் சுருங்கின. இன்றும் வெப்பக்காற்று பலூனில் மனிதர் நிற்கும் கூடைக்கு வில்லோவையே நாடுகிறார்கள். தரையில் மோதும்போது அது வளைந்துகொடுத்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

2013–14 குளிர்காலத்தில் இந்தத் தாழ்நிலம் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. பக்கத்து மச்செல்னி கிராமம் தீவாகி, படகில் போய்வந்தார்கள். உறக்கத்தில் இருக்கும் வில்லோ அந்தத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். வீடுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அங்கிருந்த கடையில் ஒருவர் ஒரு கூடையின் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தார். எனக்கு மனசு வலித்தது. ஒரு பகல் உழைப்பு அதில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

முடையும் அறைக்குத் திரும்பி வந்தபோது முடைபவர் தன் கூடையை மேசைமேல் வைத்து விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாக ஆடியது. என் கண்ணுக்கு அது நல்ல கூடைதான். அவர் மேல் வரிசையைப் பிரித்து, துணிக்குள்ளிருந்து வேறொரு விளாரைத் தேடினார்.