மெட்ராஸ் பெயர் கொண்ட ஜப்பான் இசைத்தட்டு

சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் ஜப்பான் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் எண்பதுகளில் கையோடு கொண்டுவந்த டேப் ரிக்கார்டர். ‘அசல் ஜப்பான் செட்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் மறுபேச்சு கிடையாது. மற்றொன்று தீப்பெட்டி. கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியரிடம் வங்காளிகள் பழகிக்கொண்ட தொழிலை, அங்கே போய் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கற்றுவந்த கதையை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற எவரும் அதை ஜப்பான் தொழில் என்று சொல்ல மாட்டார்கள். நூறு வருஷத்தில் அது இந்தக் கரிசல் காட்டின் தொழிலாகிவிட்டது. தொழிலைக் கற்ற இடம் ஒன்று, அது வேர்பிடித்த இடம் இன்னொன்று என்ற தெளிவு தீப்பெட்டி விஷயத்தில் நமக்கு இருக்கிறது. பாட்டு விஷயத்தில் இல்லை. அந்த உறுத்தல்தான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

எண்பதுகளின் தமிழ் சினிமாப் பாட்டில் சின்தசைசர் ஒலித்தால் நாம் அதற்கு உடனே ‘வெஸ்டர்ன்’ என்று பெயர் வைத்துவிடுவோம். இப்போது பழைய ஜப்பானிய ஜாஸ், ஃப்யூஷன் இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கிறவர்கள் பெருகியபிறகு இன்னொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காசியோப்பியா குழுவையோ மசாயோஷி தகானகாவின் கிட்டாரையோ கேட்டவுடன், ‘இது அப்படியே இளையராஜா பாட்டு மாதிரி இருக்கிறதே’ என்கிறார்கள். அடுத்த வாக்கியத்திலேயே, ‘அங்கிருந்துதான் வந்திருக்கும்’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். ஒற்றுமை இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. காசியோப்பியாவின் முதல் தட்டு 1979ல் வந்தது. ‘மின்ட் ஜாம்ஸ்’ 1982ல். துள்ளுகிற பேஸ் கிட்டார், பளிச்சென்ற கீபோர்டு, இடைவெளியே விடாமல் ஓடும் தாளக்கட்டு. இவற்றைக் கேட்டுவிட்டு 1986ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் நடன இசையைக் கேட்டால் இரண்டும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கின்றன. ஆனால் முகஜாடையை மட்டும் வைத்து வம்சாவளி எழுதிவிட முடியாது. அமெரிக்காவில் வெதர் ரிப்போர்ட் குழுவின் முதல் தட்டு 1971லேயே வந்துவிட்டது. ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ 1973. டோக்கியோ கேட்டதும் அதைத்தான், சென்னை கேட்டிருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருக்கும். ஒரே கிணற்றில் இறைத்த இரண்டு பேரில் ஒருவர் குடத்திலிருந்து மற்றவர் ஊற்றிக்கொண்டார் என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை முதலில் கேசட்டில் தேடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஜப்பான் செட் வந்த வீட்டுக்கு ஜப்பான் பாட்டும் வந்திருக்காதா? கேசட் வந்தது உண்மை. ஆனால் வந்தது பெரும்பாலும் வெற்று கேசட். ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், டிடிகே, சோனி கேசட்டுகளில் அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ பதிந்து கொடுப்பார்கள். ஏ சைடு முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பெயர் எழுதியிருக்கும். நாடாவும் கூடும் ஜப்பான், உள்ளே ஓடியது ‘பயணங்கள் முடிவதில்லை’. டோக்கியோவில் 1970ல் தொடங்கிய த்ரீ பிளைண்ட் மைஸ் போன்ற சிறிய நிறுவனங்களின் ஜாஸ் தட்டுகள் அந்த வழியில் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. அந்தத் தட்டுகளுக்கு உலகம் முழுக்க ஆள் சேர்ந்ததே மறுபதிப்புகள் வந்த பிறகுதான்.

நாம் போய்ச் சாட்சி தேட, கிடைத்தது தலைகீழான சாட்சி. ஜப்பானிலிருந்து சென்னைக்கு வந்த பாட்டு எது என்று தேடினால், சென்னையின் பெயரைச் சுமந்துகொண்டு ஜப்பானில் வெளியான பாட்டு ஒன்று அகப்படுகிறது. தட்டின் பெயர் ‘கொச்சின் மூன்’, 1978ல் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இசை ஹருவோமி ஹொசோனோ; உடன் பெயர் போட்டுக்கொண்டவர் ஓவியர் தடனோரி யோகூ. இருவரும் இந்தியாவுக்கு வந்துபோன பயணத்தில் பிறந்த தட்டு, எடுக்கப்படாத ஒரு இந்தி சினிமாவுக்கான இசை என்ற கற்பனையில் செய்யப்பட்டது. மொத்தம் ஆறு துண்டுகள். முதல் மூன்றுக்கும் ‘ஹோட்டல் மலபார்’ என்று தொடங்கும் பெயர்: தரைத்தளம், மாடி, மொட்டைமாடி. நான்காவது ‘ஹெப்படைட்டிஸ்’. ஐந்தாவது ‘ஹம் கர் சாஜன்’. கடைசித் துண்டின் பெயர் ‘மெட்ராஸ் கான்சல் ஜெனரல் அம்மையார்’ என்று தமிழில் சொல்லத்தக்கது. இந்தத் தட்டில் நான் அதிக நாள் சிக்கிக் கிடந்தேன். அந்தப் பெயர் அவ்வளவு ஆசை காட்டியது. மெட்ராஸ் என்று பெயர் வைத்தவன் மெட்ராஸில் எதையாவது கேட்டிருக்க வேண்டாமா? அதில் ஒரு துளியாவது இந்த ஒலிகளுக்குள் இறங்கியிருக்க வேண்டாமா? திரும்பத் திரும்பக் கேட்டாலும் இறங்கியிருப்பதாகச் சொல்ல முடியவில்லை. மிருதங்கம் இல்லை, நாகஸ்வரம் இல்லை. வாசித்தவர்கள் ரியூச்சி சகாமோட்டோ, ஹிடேக்கி மட்சுதாகே என்று ஜப்பானியர்கள். சுழன்று சுழன்று வரும் மின்னணுத் துடிப்புகள், அவற்றின்மேல் வெயிலில் நெளிகிற மாதிரியான ஒலிகள். மெட்ராஸ் அங்கே ஒரு வெக்கையாக, உடம்புக்கு முடியாமல் படுத்த நினைவாக, தலைப்பாக மட்டுமே இருக்கிறது.

1978ல் மெட்ராஸ் பெயர் வைத்த சீக்வென்சர் (பதிந்துவைத்த சுரங்களைத் தானே வாசிக்கும் இயந்திரம்) இசை, 1986ல் மெட்ராஸிலேயே செய்த சீக்வென்சர் இசை. நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அழகான கட்டுரை ஆகிவிடும். அந்தக் கோட்டை நான் இழுக்க மாட்டேன். கோடம்பாக்கத்தில் ஒருவர் காதிலாவது அந்தத் தட்டு விழுந்தது என்று காட்டும் ஆதாரம் இல்லாதவரை அது வெறும் தற்செயல். ஆனாலும் அந்த முட்டுச்சந்து எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தது: மட்சுதாகே. அவர் இசைக் கலைஞர் என்பதைவிட இயந்திரம் பழக்கியவர் என்பதே பொருத்தம். ரோலண்ட் நிறுவனம் 1977ல் கொண்டுவந்த எம்சி-8 என்ற சீக்வென்சரை ஹொசோனோவின் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்காகப் பேசவைத்தவர் அவர். அந்தப் பெட்டியில் பியானோக் கட்டைகள் கிடையாது. கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம் ஒரு எண், அடுத்த சுரம் வரும்வரை உள்ள காலம் ஒரு எண், அந்தக் காலத்துக்குள் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது இன்னொரு எண். கோர்வைக் கணக்கை விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கும் வித்துவான் இதைப் பார்த்திருந்தால் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார். இங்கேதான் என் கேள்வி திசை மாறியது. யார் தட்டை யார் கேட்டார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, யார் செய்த கருவியை யார் வாசித்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். கேள்வி மாறியதும் சாட்சிகள் வரிசையாக வந்தன.

முதல் சாட்சி பம்பாயிலிருந்து. இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982ல் எச்எம்வியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அவர் கையில் இருந்தவை மூன்று ரோலண்ட் கருவிகள்: ராகத்துக்கு ஜூபிட்டர்-8, தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303. மூன்றும் அப்போதுதான் ஒசாகா நிறுவனத்திலிருந்து சந்தைக்கு வந்த புதுச் சரக்கு. இதில் 303ஐக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்க என்று செய்த சிறு பெட்டி அது. உண்மையான பேஸ் கிட்டார் போல ஒலிக்காததால் விலைபோகவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அதில் இருந்தது. ஆர்மோனியத்தால் முடியாத காரியம் இது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இருக்கும் பாதையில்தான் நம் ராகங்கள் உயிர் வாழ்கின்றன. அதனால்தான் வழுக்கத் தெரிந்த ஒரு பெட்டி, ஜப்பானில் தோற்றாலும், ராகம் வாசிக்கிறவர் கையில் அர்த்தம் பெற்றது. தொழில்நுட்பம் அவர்களுடையது, தேவை நம்முடையது. கட்டை அடுக்கி மருந்தில் முக்குகிற முறை வெளியூர்க்காரர்களுடையதாக இருந்தும், மழை குறைந்த வானமும் வேலை தேடிய கைகளும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் சொந்தமாக இருந்தது போல.

இரண்டாவது சாட்சி ‘புன்னகை மன்னன்’. இந்தியாவில் கம்ப்யூட்டரில் செய்த முதல் சினிமா இசை என்று அதைச் சொல்வது வழக்கம். அந்த ‘முதல்’ எனக்கு முக்கியமாகப் படவில்லை. சிங்கின் தட்டு நான்கு வருஷம் மூத்தது, அதிலும் முன்பே பதிந்து ஓடவிட்ட தாளம்தான் ஓடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் படத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கம்ப்யூட்டர் யமாஹாவின் சிஎக்ஸ்5எம் என்பது. அது 1984ல் வந்தது. 32 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் அடக்க முடியாது. அதற்குள் டிஎக்ஸ்7 சின்தசைசரின் நெருங்கிய உறவான எஃப்எம் (ஒரு அலையால் இன்னொரு அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி செய்யும் முறை) ஒலிச்சில்லு இருந்தது. எண்பதுகளின் பாட்டுகளில் மணி மாதிரி, கண்ணாடி மாதிரி கேட்கும் அந்தக் கீபோர்டு ஒலி இந்தக் குடும்பத்துடையது. டிஎக்ஸ்7 வந்த பிறகு காசியோப்பியாவின் கீபோர்டும் அதே குடும்பம். பங்காளி முகஜாடைக்கு விளக்கம் இதுதான் என்கிறேன்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். எஃப்எம் முறையைக் கண்டுபிடித்தது ஜப்பானியர் இல்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் என்பார்கள். சரிதான், 1967ல் அவர்தான் கண்டார். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் அதைக் காட்டியபோது அவர்களுக்குப் புரியவில்லை. யமாஹாவின் பொறியாளருக்குப் புரிந்தது. அங்கிருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் மெனக்கெட்டு 1983ல் டிஎக்ஸ்7 ஆகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். எம்சி-8க்கும் மூல யோசனை ரால்ஃப் டிக் என்ற கனடாக்காரருடையது. யோசனை பிறந்த ஊரைக் காட்டிலும் அதை வாசிக்கிறவன் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த ஊருக்கு வம்சாவளியில் இடம் உண்டு என்பது என் கட்சி. இரண்டாவது மறுப்பு கனமானது. இளையராஜா முழு இசையையும் தாளில் எழுதிக் கொடுப்பவர், புருஷோத்தமனின் டிரம்ஸும் சசிதரனின் பேஸும் விஜி மேனுவலின் கீபோர்டும் அந்தத் தாளுக்கு உயிர் கொடுத்தன, எந்தக் கம்பெனி கருவியாக இருந்தால் என்ன என்பது. மெட்டைப் பொறுத்தவரை இதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ‘புன்னகை மன்னன்’ மெட்டுகளில் ஜப்பான் ஒரு சுரம்கூடக் கிடையாது. ஆனால் சீக்வென்சர் மூச்சு வாங்காது, முந்தாது, பிந்தாது. அதோடு சேர்ந்து வாசிக்கும் மனிதர்கள் தங்கள் மூச்சை எங்கே வைப்பது என்று புதிதாக முடிவு செய்தாக வேண்டும். கருவி மெட்டைத் தொடாவிட்டாலும் காலத்தைத் தொட்டுவிடுகிறது. மூன்றாவது, இப்படிப் பார்த்தால் அந்தப் பத்தாண்டில் உலகத்துப் பாட்டெல்லாம் ஜப்பானின் உறவாகிவிடுமே என்பது. ஆகிவிடும்தான். டிஎக்ஸ்7 லட்சக்கணக்கில் விற்றது. அந்த ஒலியை ‘வெஸ்டர்ன்’ என்று ஒரே சொல்லில் நாம் முடித்து வைத்தது தவறு என்பதற்கு அதுவே பெரிய ஆதாரம்.

இந்த வழியில் இன்னும் பின்னால் போனால் யமாஹாவின் தொடக்கம் ஒரு ரீட் ஆர்கனில் போய் நிற்கிறது. மெல்லிய பித்தளை நாக்கு காற்றில் அதிர்ந்து ஒலி கொடுக்கும் பெட்டி. நம் ஆர்மோனியத்தின் நேர் உறவு. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றியமைத்தார். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் இளையராஜாவின் விரல் பழகியதும் அந்தப் பித்தளை நாக்குகளின் மேல்தான். (பேனா நிப்பு செய்து பெயர் வாங்கிய சாத்தூருக்கு, தகட்டை நாக்காக வெட்டி நுனியைப் பதம் பார்க்கும் வேலை எவ்வளவு நுணுக்கம் என்று விளக்க வேண்டியதில்லை.) 1887ல் ஹமாமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆர்கன் பழுதானபோது அதைப் பிரித்துப் பார்த்தவர் தொராகுசு யமாஹா. பிரித்தவர், தானே ஒன்று செய்தார். அதைக் காவடி போலத் தோளில் சுமந்துகொண்டு, கூட்டாளி ஒருவரோடு ஹக்கோனே மலையைக் கடந்து டோக்கியோ இசைப்பள்ளிக்கு நடந்து போனார். வடிவம் சரி, சுருதி தப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. ஒரு மாதம் அங்கேயே தங்கி, சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு போய், இரண்டாவது ஆர்கனைச் செய்தார்.