முள்ளில்லாத திஸில்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில், ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது மியூக்கர் கிராமம். கடைசி வீட்டைத் தாண்டியதுமே, ஆடுமாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வயல்கள் தொடங்கிவிடுகின்றன. சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள்தான் வரப்பு. குறுக்கே போகும் கற்பலகைப் பாதை ஓர் ஆள் நடக்கிற அகலம். ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லி அறிவிப்பும் இருக்கிறது. மிதிபட்டுச் சாய்ந்த புல்லை அறுப்பது கஷ்டம்.

ஜூலைத் தொடக்கம். ஊதா நிற ஜெரேனியமும் மஞ்சள் பூக்களும் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. நான் தேடி வந்த செடி, சுவரோர ஈரத்தில் இடுப்பளவு நின்றது. ஆங்கிலத்தில் மெலங்கலி திஸில்; தாவரவியலில் சிர்சியம் ஹெட்டெரோஃபில்லம். முட்செடியான திஸில் என்றாலே கை தானாகப் பின்வாங்கும். இதைத் தாராளமாகத் தொடலாம். இலை விளிம்பில் மெல்லிய மயிர்கள் மட்டுமே. விரலால் நீவினால் வளைந்துகொடுக்கின்றன. தண்டிலும் முள் கிடையாது, நீளவாக்கில் வரிகளும் வெண்பஞ்சும்தான். இலையின் மேற்புறம் பச்சை. திருப்பினால் கம்பளி ஒட்டியதுபோல வெள்ளை. காற்றடித்தபோது அந்த மூலை முழுவதும் வெளுத்து வெளுத்துப் பச்சையானது. தண்டின் உச்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு பூ, சிவப்பு கலந்த ஊதா. அதற்குள் தலை புதைத்திருந்த வண்டுத்தேனீ, நான் குனிந்தும் அசையவில்லை.

பெயரில் உள்ள மெலங்கலி என்றால் மனச்சோர்வு. அதற்கு இந்தச் செடியை ஒயினில் இட்டுக் குடிக்கச் சொன்னவர் 17-ஆம் நூற்றாண்டு மூலிகை மருத்துவர் நிக்கலஸ் கல்பெப்பர். அந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. செடியைப் பார்த்தாலே போதும் என்று தோன்றியது.

முள்ளில்லாததால் ஆடு இதை விட்டுவைக்காது. ஆகவே இது பிழைப்பது விவசாயியின் கையில். வசந்தம் முற்றும்போது ஆடுகளை மலைமேல் ஏற்றிவிட்டு வயலை அடைத்துவிடுகிறார்கள். பூத்து, விதை விழத் தொடங்கிய பிறகே அறுப்பு. அதன்பின் மறுபடி மேய்ச்சல். எருவும் கொஞ்சம் தொழுவுரம்தான். ரசாயன உரம் போட்டால் புல் கொழுத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும். பச்சையாகவே பதப்படுத்தும் சைலேஜுக்கு அறுப்பதென்றால் விதை முற்றும் முன்பே கத்தி வந்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களில் இருந்த பூவயல்களில் சுமார் 97 விழுக்காடு 1980-களின் நடுவிலேயே அழிந்துபோனதற்கு இவை பெரிய காரணங்கள். லாபத்தைப் பார்த்து உரம் போடாமல், இந்த வயல்களைப் பழைய முறையிலேயே வைத்திருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்த வயலில் வேலிக்கதவைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டேன். வானத்தைக் காட்டினார். நாலு நாள் தொடர்ந்து வெயில் வேண்டுமாம், அறுத்த புல் வயலிலேயே காய வேண்டுமே. இந்தச் செடியைப் பூவோடு பார்க்க நினைப்பவர்கள் ஜூலை முதல் பாதிக்குள் வந்துவிடுவது நல்லது. அறுப்பு முடிந்துவிட்டால் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும்தான் தேட வேண்டியிருக்கும்.