கேள்வியைச் சொல், வகையைச் சொல்கிறேன்

பால்சுறாவில் புரதம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லி யாராவது ஒரு துண்டைக் கொண்டுவந்தால், எதற்காக அளக்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். ஒரே துண்டுக்கு ஒரு முறை கூடுதலான எண் தரும், இன்னொரு முறை குறைவான எண் தரும். இரண்டுமே கவனமாகச் செய்த வேலையாக இருக்கும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கும் மீனையும், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைகளுக்கான தீவனத்தையும் சோதிப்பது என் தொழில். சிதம்பரத்தில் உயிர்வேதியியல் படித்தபோது அமினோ அமிலங்களின் வகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தேன். அந்தப் பட்டியல் ஒன்றல்ல, பல என்பதையும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பிறந்தது என்பதையும் வேலை கற்றுக்கொடுத்தது.

எங்கள் கையில் அதிகம் புழங்கும் அளவு முறை 1883-இல் வந்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோகான் கெல்டால் அதை வகுத்தார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாகிவிடும். காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா வெளிவரும். அதைப் பிடித்து அளந்து நைட்ரஜனைக் கணக்கிடுகிறோம். புரதத்தின் எடையில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அந்த எண்ணை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். மாதிரியிலுள்ள நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்து வந்தது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தப் பெருக்கல் நிற்கிறது.

சுறாவிடம் அந்த நம்பிக்கை பலிக்காது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. யூரியாவின் எடையில் ஏறக்குறையப் பாதி நைட்ரஜன். கெல்டால் குடுவை அதையும் புரதக் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் மீனை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தோடு அரைத்துப் புரதத்தை வீழ்படிவாக்குகிறோம். யூரியா கரைசலில் தங்கிவிடும், வீழ்படிவை மட்டும் அளக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் மீனை வேகவைத்து, தோலுரித்து, நீரைப் பிழிந்த பிறகுதான் உதிர்ப்பார்கள். அந்த நீரோடு யூரியாவிலும் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது.

இறால் ஓட்டில் சிக்கல் வேறு. அதிலுள்ள கைட்டின் சர்க்கரை வகையைச் சேர்ந்தது, ஆனால் நைட்ரஜன் உள்ளது. நீர்த்த அமிலத்தில் கரையாத அது வீழ்படிவோடேயே தங்கிவிடும். ஓட்டுத்தூள் கலந்த தீவனம் காகிதத்தில் புரதம் நிறைந்ததாகத் தெரிவது இதனால்தான். நைட்ரஜனை எண்ணிப் புரதம் என்று எழுதும் இந்த இடைவெளிக்குள் புகுந்துதான் சீனாவில் பாலில் மெலமின் கலந்தார்கள். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2008-இல் அது வெளிப்பட்டபோது ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றிருந்தார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். அளவு முறை என்ன கேட்கிறது என்பதை மறந்தால் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை, பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் உணர்த்தத் தொடங்குகிறேன்.

அடுத்த கேள்வி, எதில் கரைகிறது என்பது. விதைப் புரதங்களை இப்படி வகுத்தவர் அமெரிக்கரான தாமஸ் ஆஸ்போர்ன். நீரில் கரைந்தால் ஆல்புமின், உப்புநீரில் கரைந்தால் குளோபுலின், நீர்கலந்த ஆல்கஹாலில் கரைந்தால் புரோலமின், நீர்த்த காரத்தில் கரைந்தால் குளுட்டலின். உளுந்தில் பெரும்பகுதி குளோபுலின், அரிசியில் பெரும்பகுதி குளுட்டலின். மீன் தசையையும் இதே போக்கில் பிரிக்கிறோம். குளிர்ந்த நீர் நொதிகளை இழுத்து வரும். அடர்த்தியான உப்புநீர், தசையைச் சுருக்கும் மயோசினைக் கரைக்கும். இரண்டிலும் கரையாமல் எஞ்சுவதில் முக்கியமானது கொலாஜன். ஆட்டுக்கறியில் இருப்பதைவிட மீன் தசையில் கொலாஜன் மிகக் குறைவு, இருப்பதும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். மீன் குழம்பு சட்டென்று வெந்துவிடுவதன் காரணம் அந்த எச்சத்தில் இருக்கிறது.

புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாகப் பார்க்க வேண்டுமானால் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கிறோம். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் வழக்கமாக 20. அவற்றின் நடு அமைப்பு ஒன்றே, பக்கச் சங்கிலிதான் ஒவ்வொன்றையும் தனியாக்குகிறது. பியூட்டனாலும் அசிட்டிக் அமிலமும் நீரும் கலந்த கரைப்பானில், அந்த அமினோ அமிலங்களைப் பொட்டாக வைத்த தாளை நிறுத்தினால், நீரை விரும்பாத லியூசின் கரைப்பானோடு உயரே ஏறும். மின்சுமை உள்ள லைசினும் அஸ்பார்டிக் அமிலமும் கீழேயே தங்கும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகள் வரிசையாக எழும். புரோலின் மட்டும் மஞ்சளாக நிற்கும், ஏனெனில் அதன் பக்கச் சங்கிலி வளைந்து திரும்பி தன் நைட்ரஜனையே பிடித்திருக்கிறது. அந்தத் தாள் உலர்வதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு மகிழ்ச்சி வரும். புத்தகத்தில் படித்த வகை கண்முன்னே தானாகப் பிரிந்து நிற்கிறது.

ஆனால் தாள் காட்டும் வகை துறைமுகத்துக்குப் போதாது. ஹிஸ்டிடினை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சங்கிலியைக் கேட்டால் அது காரவகை. மனித ஊட்டத்தைக் கேட்டால் உணவில் வந்தே தீர வேண்டியது. இரத்தத்தைக் கேட்டால், ஹீமோகுளோபினில் ஹீம் இரும்பைப் பிடித்திருப்பது. வேகமாக நீந்தும் கானாங்கெளுத்தியும் சூரையும் தங்கள் தசையில் அதைக் கட்டற்ற நிலையில் நிறையச் சேர்த்திருக்கின்றன. ஓயாத நீச்சலில் பெருகும் அமிலத்தை அது தாங்கிக்கொள்கிறது. அந்த மீன் பிடிபட்டபின் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்களின் நொதி ஹிஸ்டிடினிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை வெட்டி ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அதைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பன்னாட்டு உணவுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் உச்ச வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஆகவே ஏலக்கூடத்தில் என் கேள்வி காரமா அமிலமா என்பதல்ல. ‘அண்ணே, இது எப்போ ஐஸ்ல போட்டது?’ என்பதுதான். மீனவர் சொல்லும் பதில், என் கருவி சொல்லப்போகும் எண்ணை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடும்.

ஊட்டச்சத்துக் கேள்விக்கு வேறொரு பட்டியல். எவற்றை உடம்பு தானே செய்துகொள்ளாது என்று தேடிய வில்லியம் ரோஸ், 1935-இல் திரியோனினைக் கண்டறிந்ததோடு அந்தப் பட்டியல் முழுமை நோக்கி நகர்ந்தது. மனிதருக்கு இன்று அது 9. அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் மெத்தியோனின் குறைவு. இட்லி மாவில் இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. சிதம்பரத்தில் அதற்குக் கத்தரிக்காய் கொத்சு தொட்டுக்கொள்வது சுவைக்கு, லைசின் கணக்கு மாவிலேயே முடிந்துவிட்டது. இறாலைக் கேட்டால் பட்டியல் 10 ஆகிறது, அர்ஜினினும் அதற்கு வெளியிலிருந்து வர வேண்டும். மீன்தூளுக்குப் பதிலாகச் சோயா சேர்த்த தீவனத்தில் மெத்தியோனின் குறையும், அதைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். ‘அத்தியாவசியம்’ என்ற சொல்லின் முன்னால் ‘யாருக்கு’ என்பதைச் சேர்க்காமல் எந்த மாணவரும் என் ஆய்வகத்தில் அதை எழுதக் கூடாது.

அந்தப் பட்டியலில் கிளைசினுக்கு இடமே இல்லை. உடம்பு அதைச் செய்துகொள்ளும், பக்கச் சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன். ஆனால் கொலாஜனின் வடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-இல் கொலாஜன் மூன்று இழைகளின் பின்னல் என்று முன்வைத்தார்கள். அந்தப் பின்னலின் நடுவே மிகக் குறுகிய இடம். அங்கே ஹைட்ரஜனைத் தவிர வேறெதுவும் நுழையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தே ஆக வேண்டும். அது ஒரு இடத்தில் மாறினாலும் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் வரக்கூடும். ஊட்டக் கணக்கில் ‘தேவையற்றது’ என்று ஒதுக்கப்பட்ட ஒன்றின்மேல் நம் தோலும் எலும்பும் தசைநாணும் நிற்கின்றன.

அதே கொலாஜன் இப்போது பொடியாகக் கடைகளில் விற்கிறது. டப்பாவில் புரதம் என்று பெரிய எண் இருக்கும். ஆனால் அந்த 9-இல் ஒன்றான டிரிப்டோபான் அதில் கிடையாது. ஆகவே ஊட்டப் புரதமாக அதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. எண் பொய்யில்லை, வாங்குபவர் மனதிலிருந்த கேள்விக்கு அது பதில் இல்லை.

இதனால்தான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஒன்றை வற்புறுத்துகிறேன். அறிக்கையில் புரதம் என்று எண்ணை எழுதும்போது அருகிலேயே முறையையும் எழுதுங்கள். நைட்ரஜனைப் பெருக்கியதா, வீழ்படிவை அளந்ததா, அமினோ அமிலங்களைத் தனித்தனியே கூட்டியதா? ஈர எடைக்கா, உலர்ந்த எடைக்கா? காராமணிக்குப்பம் சந்தைக் கருவாட்டில் 100 கிராமுக்குப் புரதம் பச்சை மீனைவிடக் கூடுவது, நீர் போய்விட்டதால்தான். முறையைச் சொல்ல கூடுதலாக ஒரே ஒரு வரிதான். அந்த வரி இருந்தால் பண்ணைக்காரர் தீவனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பார், பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று ஒரு தாய் சரியாக முடிவெடுப்பாள். அந்த வரி இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை.