பழைய பென்ஸின் பாட்டுப் பெட்டி

1976-ல் ஜெர்மனியில் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 காரின் எஞ்சினைப் பற்றிப் பெருமையாகப் பேசாத மெக்கானிக் குறைவு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சளைக்காத வண்டி. ஆனால் அதே வண்டியின் டாஷ்போர்டில் இருக்கும் பெக்கர் கேசட் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள்.. பல வண்டிகளில் அது ஊமை!

பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. மோட்டாரின் சுழற்சியைக் கேசட் பாகத்துக்குக் கொண்டு போவது ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். நாற்பது வருடத்தில் அது இளகித் தார் மாதிரி ஆகிவிடும். கையில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. பெட்டியைத் திறப்பவர் முதலில் செய்வது ரிப்பேர் அல்ல, துடைக்கிற வேலைதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் நிறைய பொறுமையும் வேண்டும். சக்கரத்தின் பள்ளத்தில் துளி தார் மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும், பாட்டு அலையும்.

நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு நேர் எதிர் வியாதி. அது இளகாது, இறுகிவிடும். பிடிப்பு போனதும் நாடா விலகி உருளையிலேயே சுற்றிக்கொள்ளும். 'கேசட்டைத் தின்னுடுச்சு' என்போமே, அதுதான். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களையும் மாற்றிய பிறகு வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டைப் போட்டு, அந்த அளவு வரும்வரை மோட்டாரின் வேகத்தைத் திருகித் திருகி வைப்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ப்ளூடூத் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். வெளியே வித்தியாசமே தெரியாது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது, ஓட்டுபவர் பாட்டு கேட்கத்தானே வேண்டும்!

ஆனால் கேசட் பாகத்தைப் பிடுங்கிப் போடுமுன் ஒன்றை யோசிக்கலாம். ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி 2014 இறுதியில் நெடு அலையையும், 2015 இறுதியில் மத்திய அலையையும் நிறுத்திவிட்டது. பக்கத்து ஸ்விட்சர்லாந்தின் பொது வானொலி 2024 கடைசியில் எஃப்.எம். ஒலிபரப்பையே மூடியது. ரேடியோ பாகத்தை எவ்வளவு அழகாகப் பழுதுபார்த்தாலும் அந்தப் பக்கம் பேச ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கேசட்டுக்கு நிலையம் வேண்டாம். அந்தப் பெட்டியில் வெளியாரை நம்பாத பாகம் அது ஒன்றுதான்.

இன்னொன்று. பழைய காரோடு சிலருக்கு உள்ளே சிக்கிய கேசட்டும் சேர்ந்து கிடைக்கும். அப்பா ஓட்டிய வண்டி என்றால் அது அவர் வீட்டில் பதிந்ததாக இருக்கலாம், நடுவே யாரோ சிரிப்பது கேட்கலாம். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. மூடியைக் கழற்றி, உருளையைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும். கசங்கிய இடத்தில் ஒலி மங்கும், மற்றது பெரும்பாலும் பிழைத்துவிடும். பெட்டி சரியான பிறகும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது அந்தக் கேசட்டை அல்ல.. போனால் போகட்டும் என்கிற வேறு ஏதாவது ஒன்றை.